கண்ணாடி துடைக்க ஒரு குட்டி யானை

வேலூரில் கட்டடங்களுக்குக் கண்ணாடி துடைக்கும் தொழில் எனக்கு. ஆறு வருஷம் டிவிஎஸ் எக்ஸெல்லில்தான் அதை நடத்தினேன். முன்னால் இரண்டு பக்கெட், பின்னால் துணி மூட்டையும் வைப்பர் கம்பும். ஏணி தேவைப்படும் நாளில் மட்டும் ஆட்டோ பிடிப்பேன். தோட்டப்பாளையத்துக் கடைகளுக்கும் காந்தி ரோட்டு லாட்ஜுகளுக்கும் அது போதுமாக இருந்தது. போன வருஷம் காட்பாடியில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றை மாசம் இரண்டு தரம் துடைக்கும் வேலை கிடைத்தது. அப்போதுதான் வண்டி தேட ஆரம்பித்தேன்.

பார்த்தவர்கள் எல்லாரும் மைலேஜ் கேட்டார்கள், வட்டி எவ்வளவு என்று கேட்டார்கள். தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இந்தத் தொழிலுக்கு வண்டி எடுக்க நினைக்கிறவர் முதலில் யோசிக்க வேண்டியது தண்ணீரைத்தான்.

சத்துவாச்சாரியில் என் வீட்டு போர் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் மீட்டரை, விட்டால் 1,140 காட்டுகிறது. சோப்புப் போட்டு, ரப்பர் வைப்பரால் வழித்து எடுத்துவிட்டால் உப்புத் தண்ணீர் ஒன்றும் செய்யாது, ஏனென்றால் கண்ணாடியில் தண்ணீரே நிற்பதில்லை. மூன்று மாடி உயரத்துக்கு நீளக் கம்பில் பிரஷ் வைத்து, அதன் வழியாகவே தண்ணீர் விட்டுக் கழுவும்போது கதை வேறு. அங்கே வழித்தெடுக்க முடியாது, தானாகக் காய விடணும். டிடிஎஸ் 10-க்குக் கீழே இருந்தால்தான் புள்ளி விழாமல் காயும். வேலூர் வெயிலில் உப்புத் தண்ணீர் தெளித்தால் அரை நிமிஷத்தில் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளி. ஆகவே வாடிக்கையாளர் வீட்டுக் குழாயை நம்பிப் போக முடியாது. நம் தண்ணீரை நாமே கொண்டு போகணும்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. என் பம்ப் நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர் தள்ளும். இரண்டரை மணி நேர வேலைக்கு 300 லிட்டர், அதாவது 300 கிலோ. இரண்டு ஆள் 130 கிலோ. ஏணி, பேட்டரி, ஹோஸ், கம்பு, இரும்புச் சட்டம் எல்லாம் சேர்ந்து இன்னொரு 150. கிட்டத்தட்ட 600 கிலோவை ஒரு வண்டி தினமும் சுமக்கணும். ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் வெற்று எடையும் மொத்த எடையும் போட்டிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த வண்டி தாங்கும் சுமை. வண்டி பார்க்கப் போனால் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறப்பேன்.

பழைய ஆம்னி மலிவாகக் கிடைத்தது. 2019-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், அதோடு இந்த எடைக்கு அது ஆகாது. ஈகோ கார்கோ பிடித்திருந்தது. மூடிய வண்டி, பூட்டிவிட்டுப் போகலாம். ஆனால் நனைந்த துணியும் ஹோஸும் மூடிய தகரத்துக்குள் ராத்திரி முழுக்கக் கிடந்தால் நாற்றம் வரும், தரை துருப்பிடிக்கும். கடைசியில் டாடா ஏஸ், நம் குட்டி யானைதான். முக்கால் டன் தாங்கும். அகலம் சுமார் ஒன்றரை மீட்டர்தான் என்பதால் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் லாட்ஜ் சந்துகளில் நுழைந்து வெளியே வரலாம். 2018 மாடல், இரண்டே முக்கால் லட்சத்துக்குப் பேசி முடித்தேன்.

பேப்பர் வேலையில் ஒரு மாசம் போனது. விற்றவர் கடனை அடைத்திருந்தார், ஆனால் ஆர்.சி.யில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் நீங்கவே இல்லை. கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35-ம் தடையில்லாச் சான்றும் வராமல் பெயர் மாற்றம் நடக்காது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே அதைக் கேட்டிருக்கணும். லைசென்ஸ் பற்றியும் பயம் இருந்தது, என்னிடம் இருந்தது கார் ஓட்டும் சாதாரண எல்.எம்.வி. மட்டும். 7,500 கிலோ வரை உள்ள சரக்கு வண்டியை அதை வைத்தே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருப்பதால் பர்மிட்டும் வேண்டாம். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் இரண்டும் கட்டாயம். இன்னொன்று, கேபினில் டிரைவரோடு ஒருவர்தான் உட்காரலாம். மூன்றாவது ஆளைப் பின்னால் தண்ணீர்த் தொட்டியோடு ஏற்றாதீர்கள். விழுந்தால் உயிரும் போகும், இன்சூரன்ஸும் வராது. என்னிடம் வேலை செய்யும் இன்னொரு பையன் பழைய எக்ஸெல்லில்தான் வருகிறான்.

தொட்டி விஷயத்தில் நான் தப்புச் செய்தேன். அவசரத்தில் 500 லிட்டர் கறுப்புத் தொட்டி ஒன்றை வாங்கி, பின்கதவு ஓரமாக நிறுத்திக் கயிறு போட்டுக் கட்டினேன். பாதி தண்ணீரோடு காட்பாடி மேம்பாலத்தில் இறங்கும்போது முன்னால் ஒரு பஸ் நின்றது. பிரேக் மிதித்தேன். வண்டி நிற்கும் நேரத்தில் உள்ளே இருந்த தண்ணீர் மொத்தமும் முன்னால் பாய்ந்து தள்ளியது. கயிறு அறுந்து, தொட்டி கேபின் முதுகில் வந்து மோதியது. பக்கத்தில் இருந்த பையன் "அண்ணே!" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. யாருக்கும் அடியில்லை. அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

ராணிப்பேட்டை பக்கம் ஒரு வெல்டிங் பட்டறைக்குக் கொண்டு போனேன். மேஸ்திரி தொட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, தண்ணி சும்மா நிக்குமா? பாதித் தொட்டிதான் ரொம்ப ஆட்டும். உள்ளே தடுப்பு வேணும்" என்றார். அவரே 300 லிட்டருக்கு எவர்சில்வரில் உயரம் குறைந்த சதுரத் தொட்டி அடித்துக் கொடுத்தார். உள்ளே குறுக்காக இரண்டு தகடு, தண்ணீர் மெதுவாகக் கடக்க ஓட்டைகள் போட்டது. வெளிச்சம் புகாததால் பாசியும் பிடிப்பதில்லை. தொட்டி இப்போது கேபினை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. பின்னால் எடை இருந்தபோது ஸ்டியரிங் லேசாக மிதக்கும், அது போய்விட்டது. சேஸிஸில் ஓட்டை போடவோ வெல்டிங் வைக்கவோ அவர் ஒத்துக்கொள்ளவில்லை. யு போல்ட்டில் சட்டத்தைப் பிடித்திருக்கிறார். எஃப்.சி.க்குப் போகும்போது கழற்றிவிடலாம்.

மற்றதெல்லாம் சுலபம்தான். மருந்து தெளிக்கும் ஸ்பிரேயரில் வருகிற 12 வோல்ட் மோட்டார், அதற்குத் தனி பேட்டரி. வண்டி பேட்டரியில் இழுத்தால் சாயந்திரம் தள்ளி ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும். நூறு மீட்டர் ஹோஸுக்கு ஒரு சுருள். கம்புகளுக்கு நாலு இன்ச் பிவிசி பைப், இரண்டு பக்கமும் மூடி, உள்ளே பழைய டியூப் ரப்பர். மடக்கினால் பன்னிரண்டு அடி வரும் ஏணி மேல் சட்டத்தில் வெளியே நீட்டாமல் படுத்துக்கொள்கிறது. ஆனால் அந்த ஏணி அலுமினியம். நம் ஊர்ச் சந்துகளில் மின்கம்பி மாடி ஜன்னலை உரசிக்கொண்டு போகும். அப்படிப்பட்ட இடத்தில் மின்சாரம் பாயும் அலுமினியத்தையும் கார்பன் கம்பையும் வண்டியை விட்டு இறக்கவே மாட்டேன். ஃபைபர் கிளாஸ் கம்பு மட்டும்தான், அதுவும் கம்பியிலிருந்து நன்றாகத் தள்ளி நின்று. முடியாத இடம் என்றால் வேலை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

தண்ணீரை ராத்திரியே வீட்டில் ஆர்.ஓ.வில் விட்டு, கடைசியாக மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் ரெசின் குழாய் வழியாகத் தொட்டிக்கு ஏற்றுகிறேன். மீட்டர் ஒற்றை இலக்கம் காட்டணும். 10-ஐத் தாண்டினால் ரெசின் மாற்றும் நாள். ஆர்.ஓ. கழித்துத் தள்ளும் உப்புத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வண்டி கழுவுகிறோம். சித்திரை, வைகாசியில் ஏழு மணிக்கே கண்ணாடி சுட ஆரம்பித்துவிடும். அதனால் நாலரைக்கே தொட்டியை ஒரு தட்டுத் தட்டி, சத்தத்தில் நிறைவு பார்த்துக்கொண்டு கிளம்புகிறோம்.