மூட்டையில் இருக்கிறது, மீனுக்குப் போகவில்லை

மீன் தீவனம் கலக்குவது என் வேலை. வாங்க வருகிறவர்கள் லேபிளில் புரதம் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். விவரமானவர்கள் துத்தநாகம் எவ்வளவு என்றும் கேட்பார்கள். கூட என்னென்ன போட்டிருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

சேனல் கெளுத்தியை எடுத்துக்கொள்வோம். சுத்திகரித்த பொருட்களால் செய்த ஆய்வகத் தீவனம் என்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராம் துத்தநாகமே அதற்குப் போதும். சோயா புண்ணாக்கு நிறைந்த பண்ணைத் தீவனத்தில் 150 வரை தேவைப்படுகிறது. மீன் அதே மீன்தான். சோயாவிலும் தானியத்திலும் உள்ள பைட்டேட் என்ற பாஸ்பரஸ் சேர்மம், துத்தநாகத்தைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்கிறது. கால்சியம் கூடினால் பிடி இன்னும் இறுகும்.

அப்படியானால் மீன்தூளையே போடலாமே? எலும்பு அதிகம் சேர்ந்த மீன்தூளில் கால்சியம் பாஸ்பேட் இருக்கிறது, அதுவும் இதே வேலையைச் செய்யும். வெள்ளை மீன்தூள் தின்ற ரெயின்போ டிரவுட் மீனுக்குக் கண்புரை வந்ததும், துத்தநாகம் கூட்டியதும் அது வராமல் நின்றதும் பழைய ஆய்வுகளிலேயே இருக்கிறது. கண் வெளுத்தாலே ஒட்டுண்ணி என்று மருந்து தேடுகிறார்கள். கண்ணில் குடியேறும் புழுவாலும் வெளுக்கும், மறுக்கவில்லை. ஆனால் கூடவே துடுப்பும் அரித்து, வளர்ச்சியும் குன்றியிருந்தால் நான் முதலில் தீவனக் கணக்கைத்தான் கையில் எடுப்பேன்.

சரி, அள்ளிப் போட்டுவிடலாமா? மீன் எடுத்துக்கொள்ளாத துத்தநாகம் கழிவோடு போய் அடிச்சேற்றில் சேரும். ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் உச்சவரம்பைக் குறைத்தது இதையும் யோசித்துத்தான்: சால்மன் இனங்களின் தீவனத்தில் கிலோவுக்கு 180 மில்லிகிராம், மற்ற மீன்களுக்கு 150. செலினியம் என்ற தாது இன்னும் பொல்லாதது. டிரவுட்டுக்குக் கிலோ தீவனத்தில் அரை மில்லிகிராம்கூட வேண்டாம். அதுவே 13 மில்லிகிராமைத் தொட்டால் நஞ்சு. செம்பும் இரும்பும் கூடினால் தீவனத்தின் எண்ணெய் காறிப்போகும், வைட்டமின் சி கெடும்.

அமினோ அமிலத்தோடு பிணைத்த துத்தநாகம்தான் இப்போது விற்பனைக்காரர்களின் பேச்சு. பைட்டேட் நிறைந்த தீவனத்துக்கு அதை யோசிக்கலாம், மற்றதற்கு சாதாரண துத்தநாக சல்பேட்டே போதும் என்பது என் கட்சி. எனக்குப் பிடித்தது பைட்டேஸ் என்சைம். அது பைட்டேட்டையே உடைத்துவிடும். என்ன, தீவனத்தை அழுத்திக் குருணையாக்கி பெல்லட் போடும் சூட்டை அது தாங்காது. அதனால் பெல்லட் ஆறிய பிறகு மேலே தெளிக்கிறோம்.