மெயில் ஐடி இல்லாமல் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் இருப்பது சோமனூர் பக்கம், தறிக்குடோனை ஒட்டிய அறையில். அப்பா அதில் பாவு எடையும் மீட்டர் கூலியும் எழுதுவார். அக்கா மகள் படிப்பாள். அம்மா சொந்தக்காரர்களின் கல்யாண வீடியோ பார்ப்பார். நானோ பெங்களூரில் இருக்கிறேன். இத்தனை பேர் புழங்கும் பெட்டியை ஒருவருடைய மெயிலோடும் செல்போன் நம்பரோடும் முடிச்சுப் போடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

காரணம் சித்தப்பா வீட்டு லேப்டாப். அவருக்கு மெயில் ஐடி கிடையாது. கடைக்காரர் தன் கடை மெயிலையே போட்டுத் திறந்து கொடுத்துவிட்டார். புது லேப்டாப்புகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் டிஸ்க் பெரும்பாலும் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படும். அதன் மீட்புச் சாவி அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்படும். ஒருநாள் சர்வீஸ் முடிந்து வந்த லேப்டாப், நீலத் திரையில் 48 இலக்க எண்ணைக் கேட்டு நின்றது. எண் கடைக்காரரின் மெயிலுக்குள். அவர் கடையைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார். தேடிப் பிடித்து வாங்குவதற்குள் சித்தப்பா பட்ட வெசனம் கொஞ்சமல்ல. நம் வீட்டுப் பூட்டுக்கு அடுத்த ஊர்க்காரரிடம் சாவி இருப்பது மாதிரிதான் இது.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததால் நாங்களும் புதுப் பெட்டி அசெம்பிள் செய்தோம். விண்டோஸ் 11 ஹோம், 2021-ல் வந்ததிலிருந்தே முதல் தடவை திறக்கும்போது இன்டர்நெட்டும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கிறது. அப்பாவிடம் விளக்கினேன். “ஏஞ்சாமி, என்ர பொட்டியத் தொறக்க உன்ர போனுக்கு நம்பரு வரோணுமா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது.

ஷிஃப்டும் எஃப்10-ம் அழுத்தி, கறுப்புத் திரையில் கட்டளை அடித்துத் தாண்டும் வழிகளைப் பலரும் சொல்வார்கள். அவற்றை மைக்ரோசாஃப்ட் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வருகிறது. அதனால் நான் ரூஃபஸ் பக்கம் போனேன். பென்டிரைவில் விண்டோஸ் நிறுவும் கோப்புகளை ஏற்றித் தரும் இலவச மென்பொருள் அது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே விண்டோஸ் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவத் தேவையான எல்லாம் அடங்கிய ஒற்றைக் கோப்பு) இறக்கி, ரூஃபஸில் கொடுத்து, பென்டிரைவைச் செருகி ஸ்டார்ட் அழுத்தினால் ஒரு சின்னக் கட்டம் திறக்கும். ஆன்லைன் கணக்குக் கட்டாயத்தை நீக்கவா, இந்தப் பெயரில் லோக்கல் கணக்கு (மெயில் இல்லாமல் அந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருக்கும் கணக்கு) உருவாக்கவா, தானியங்கி என்கிரிப்ஷனை நிறுத்தவா என்று வரிசையாக டிக் பெட்டிகள். மூன்றையும் டிக் செய்தேன். பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல், ‘வீடு’ என்று வைத்தேன். மெயில் போட்டு நுழைந்தால் மெயிலின் முதல் ஐந்து எழுத்தை வெட்டி ஃபோல்டருக்குப் பெயர் வைத்துவிடும். அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

நிறுவும்போது லேன் வயரைப் பிடுங்கிவைத்துவிட வேண்டும், வைஃபையும் இணைக்கக் கூடாது. இதுதான் முக்கியம். உரிமச் சாவி கேட்ட இடத்தில் இப்போது இல்லை என்று சொல்லி ஹோம் பதிப்பைத் தேர்ந்தெடுத்தேன். மற்றபடி அதுவே ஓடி, எங்கும் மெயில் கேட்காமல் டெஸ்க்டாப்புக்கு வந்துவிட்டது. உள்ளே நுழையும்போது பாஸ்வேர்டு மட்டும் வைக்கச் சொன்னது. அப்பாவே அடித்தார், ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு. அப்புறம்தான் வயரைச் செருகி, உரிமச் சாவியைப் போட்டு ஆக்டிவேட் செய்தேன். அதற்கு மைக்ரோசாஃப்ட் கணக்கு தேவையே இல்லை.

லோக்கல் கணக்கில் பாஸ்வேர்டு மறந்தால் ஆன்லைனில் மாற்ற வழி கிடையாது. அதனால் செட்டிங்ஸில் பாதுகாப்புக் கேள்விகளுக்கு விடை கொடுத்து வைத்தேன். அட்மின் உரிமையோடு இன்னொரு லோக்கல் கணக்கும் உருவாக்கி, அதன் பாஸ்வேர்டை அக்காவிடம் எழுதிக் கொடுத்தேன். அக்கா மகளுக்குச் சாதாரணக் கணக்கு போதும். கூலிக் கணக்கு லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச மென்பொருளில். கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பில், எதுவும் தானாகச் சேராது என்பதால் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் நகல் எடுக்கும் வேலை அக்காவுடையது. இதைச் செய்ய ஆள் இல்லாத வீட்டுக்கு லோக்கல் கணக்கை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரு டிஸ்க் போனால் ஒரு வருசக் கணக்கும் போய்விடும்.

பிற்பாடு ஏதாவது ஆப்பில் யாராவது மெயில் போட்டு நுழைந்தால், இந்தக் கணக்கை கம்ப்யூட்டர் முழுக்கப் பயன்படுத்தவா என்று ஒரு கேள்வி வரும். அங்கே அந்த ஆப்புக்கு மட்டும் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்தில் நெக்ஸ்ட் அழுத்தினால் லோக்கல் கணக்கே மெயில் கணக்காக மாறிவிடும்.

சித்தப்பா லேப்டாப்பையும் சரிசெய்தோம். முதலில் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் இருந்த படங்களையெல்லாம் டிஸ்குக்கு இறக்கிக்கொண்டு அதன் இணைப்பைத் துண்டித்தேன். என்கிரிப்ஷனை நிறுத்தினேன். பிறகு செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், யுவர் இன்ஃபோ போய், லோக்கல் கணக்கில் நுழையும் தேர்வை அழுத்தினேன். கடை மெயில் கழன்றது. ஃபோல்டர் பெயர் மட்டும் கடைக்காரர் மெயிலின் அந்த ஐந்தெழுத்தாகவே இன்னும் இருக்கிறது. அதை மாற்றப் போனால் வேறு எதாவது உடையும் என்று விட்டுவிட்டேன்.