கிரேஞ்சர் கேட்ட கேள்வி

பொருளாதார அறிஞர் கிளைவ் கிரேஞ்சரின் 1969ஆம் ஆண்டுக் கட்டுரையை இன்று மறுபடியும் எடுத்துப் படித்தேன். அவர் கேட்பதை ஓர் உதாரணத்தில் சொன்னால் இவ்வளவுதான்: நாளைய விலைவாசியைக் கணிக்கப் பழைய விலைகளோடு பழைய வட்டி விகிதங்களையும் சேர்த்தால் பிழை குறைகிறதா? குறைந்தால், வட்டிக்கும் அதில் கை இருக்கிறது என்று கொள்ளலாம்.

இதே கணக்கை மூளை அலைகளிலும் போட்டுப் பார்க்கிறார்கள். வலிப்பு நோயாளியின் தலையில் பொருத்திய மின்முனைகளில் எது முந்துகிறது, எது பின்தொடர்கிறது என்று தேடி, வலிப்பு கிளம்பும் இடத்தை நெருங்குகிறார்கள். விலைவாசிக்கு மாதம் ஒரு எண், மூளை அலைகளைப் பதியும் இ.இ.ஜி.யில் நொடிக்கே நூற்றுக்கணக்கில். இரண்டுக்கும் ஒரே சமன்பாடு! எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

ஒன்றை மறக்கக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஒன்று இரண்டையும் ஆட்டிவைத்தால், இந்தச் சோதனை ஏமாந்துவிடும். பொருளாதாரத்திலும் அப்படித்தான், மூளையிலும் அப்படித்தான்.