68,000 ரூபாய் சைக்கிளுக்கு இன்ஷூரன்ஸ் தேடிய கதை

போன ஜனவரியில் எங்கள் அபார்ட்மென்டின் ஸ்டில்ட் பார்க்கிங்கிலிருந்து முதல் மாடிப் பையனின் சைக்கிளை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். வெட்டுப்பட்ட கேபிள் பூட்டு மட்டும் தூணோரம் கிடந்தது. நான்தான் அவனோடு ஸ்டேஷனுக்குப் போனேன். புகார் கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள், ஆனால் சைக்கிளின் உடலில் பொறித்திருக்கும் ஃபிரேம் நம்பரைக் கேட்டபோது அவனிடம் பதில் இல்லை. அன்றைக்கே என் ரோடு பைக் சைக்கிளுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்துவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. இரண்டு வருடம் சேர்த்து வாங்கியது, 68,000 ரூபாய்.

மோட்டார் வண்டிபோல சைக்கிளுக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம் இல்லை, அதனால் விவரமாகச் சொல்ல ஆளும் கிடைப்பதில்லை. ஏஜென்ட் ஒருவர், "வீட்டு பாலிசி எடுங்க சார், சைக்கிளும் அதுல வந்துடும்" என்றார். அவர் சொன்னது பாரத் கிருஹ ரக்ஷா, 2021 ஏப்ரலில் வந்தது. கட்டடத்துக்கு எடுத்தாலே, அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை வீட்டுச் சாமான்களுக்கும் கவர் உண்டு. நல்ல பாலிசிதான். ஆனால் இரவு உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். தீ, வெள்ளம் மாதிரி ஏதாவது நடந்து, அதனால் ஏழு நாளுக்குள் திருட்டுப் போனால்தான் பணம். சும்மா ஒருவன் வந்து தூக்கிக்கொண்டு போனால் கிடையாது. சரி, திருட்டுக்கென்று தனி ஆட்-ஆன் கேட்டால், பூட்டை உடைத்து வீட்டுக்குள் நுழைந்த அடையாளம் வேண்டும் என்றார்கள். என் சைக்கிள் நிற்பதோ கீழே, தூணோரம்.

அப்புறம் சைக்கிளுக்கென்றே உள்ள இரண்டு பாலிசிகளை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் பிரீமியம் குறைவு, ஆனால் லைட்டும், வேகம், தூரம் காட்டுகிற ஜி.பி.எஸ். மீட்டரும் சைக்கிளோடு சேர்ந்து போனால்தான் பணம், தனியாகக் கழற்றிக்கொண்டு போனால் இல்லை. எனக்கு மீட்டர் மட்டுமே 20,000 ரூபாய் ஆனது. இன்னொன்றில் அவற்றைத் தனியாகச் சேர்க்கலாம், சாலையில் நான் யார் மீதாவது மோதினால் அவர்களுக்கான இழப்பீடும் உண்டு. ஈ.சி.ஆரில் ஞாயிறு காலை ஓட்டுகிற எனக்கு அது முக்கியம். நிபந்தனை ஒன்றுதான்: அசைக்க முடியாத ஒன்றோடு சேர்த்துப் பூட்டியிருக்க வேண்டும். பார்க்கிங் தூண் அதில் சேருமா என்று போனில் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள், அதனால் மெயிலில் கேட்டு "சேரும்" என்று எழுத்தில் வாங்கின பிறகே பணம் கட்டினேன். அந்த மெயிலைப் பிரின்ட் எடுத்து பாலிசியோடு வைத்திருக்கிறேன். விபத்து கவர் தனியாக வேண்டாம் என்று விட்டுவிட்டேன், ஹெல்த் பாலிசி இருக்கிறது, பேங்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கிற பிரதமர் சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது.

கடைசியில் ஃபிரேம் நம்பர் கேட்டார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடல் அச்சுக்கு அடியில் அப்பியிருந்த கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். பில்லில் ஓர் எண் மாறியிருந்தது! 3 இருக்க வேண்டிய இடத்தில் 8. இதை அப்படியே விட்டிருந்தால் கிளைம் நேரத்தில் என் சைக்கிள் என்னுடையது என்று நிரூபிக்கவே அலைந்திருப்பேன். கடையில் பில்லைத் திருத்தி சீல் வைத்து வாங்க இரண்டு நாள் ஆனது.

முதல் மாடிப் பையன் போன மாதம் பழைய சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கிறான். வந்த அன்றே அதையும் கவிழ்த்து, நம்பரைப் படமெடுத்து அவன் அம்மா போனுக்கும் அனுப்பிவிட்டேன்.