கால்வாய்க் கணக்கு

"ரஷ்யாவை ஆண்ட ஸ்டாலின் மாதிரி ஒருத்தர் வந்தாதான் நாடு உருப்படும்ண்ணே!"

பிரிக்ஃபீல்ட்ஸ் ஒட்டுக்கடையில் பசியாறும்போது பக்கத்து மேசைத் தம்பி சொன்னது. தே தாரிக் இறங்கவில்லை எனக்கு.

அவர் காலத்தில் ஆலை வந்தது, மின்சாரம் வந்தது, ஊரெல்லாம் எழுதப் படிக்கக் கற்றது. மறுக்கவில்லை.

ஆனால் அவர் வெட்டவைத்த வெண்கடல் கால்வாய்? 227 கிலோமீட்டர். கைதிகள் கடப்பாறையும் மண்வெட்டியுமாக வெட்டியது. ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1933இல் திறந்தபோது ஆழம் நாலு மீட்டர்கூட இல்லை, பெரிய கப்பல் நுழையவே முடியாது!

அதே சமயம் உக்ரைனில் லட்சக்கணக்கானோர் பட்டினியில் சாக, தானிய ஏற்றுமதி மட்டும் நிற்கவில்லை.

ஆலையைக் காட்டி இந்தச் சாவுகளைக் கழித்துவிட எனக்கு மனசில்லை.

நம் தோட்டத்துச் சனங்களை ஏற்றிப்போன ஜப்பானியரும்தான் 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதையை ஓராண்டு சொச்சத்தில் போட்டார்கள். அதைச் சாதனை என்று நம் வீட்டுப் பெரியவர்களிடம் போய்ச் சொல்ல முடியுமா?