தலைமுறை இடைவெளியும் பணியிட மன அழுத்தமும்

இராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் இருக்கும் எனக்கு, மூத்த மேற்பார்வையாளர்களுக்கும் புதிதாகச் சேரும் இளைஞர்களுக்கும் இடையே எழும் மனத்தாங்கல்களைக் கேட்பது அன்றாடப் பணியாகிவிட்டது. தோல் பதனிடும் டிரம்களின் இரைச்சலுக்கு நடுவே, தோலைத் தடவிப் பார்த்தே அதன் தரத்தைச் சொல்லிவிடும் பெரியவர்கள், திட்டு வாங்கித்தான் தொழிலைக் கற்றார்கள். ஆகவே அதட்டலை அக்கறையாகவே கருதுகிறார்கள். "ஏன் இப்படிச் செய்யணும், அண்ணே?" என்று இளையவர் கேட்டால், அது அவர்கள் காதில் எதிர்ப்பாக விழுகிறது.

இளையவர்களின் கேள்வியைத் திமிர் என்று ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. 1979இல் பணியிட மன அழுத்த ஆய்வாளர் ராபர்ட் காரசெக் முன்வைத்த கோட்பாட்டின்படி, வேலைப்பளு மிகுந்து, அதைச் செய்யும் முறையைத் தீர்மானிக்கும் உரிமை குறைந்திருக்கும்போதுதான் மன அழுத்தம் கடுமையாகிறது. ஏற்றுமதிக் கெடு நெருங்கும் நாட்களில் இரு தலைமுறையினரும் அந்த நிலையில்தான் இருக்கிறார்கள்; மூத்தவர் வெளியே சொல்லாமல் இரத்தக் கொதிப்பு மாத்திரையோடு நாளைத் தள்ளுகிறார், இளையவர் வேலையையே விட்டுவிடுகிறார்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வை, சரிவரக் கையாளப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்தது. எனவே தனிமனிதரின் மனவுறுதியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. நிர்வாகத்துக்கும் இதில் பொறுப்பு உண்டு. கெடுவையும் அதற்கான காரணத்தையும் வேலை தொடங்குமுன் இரு தரப்பினரையும் ஒன்றாக அமர்த்தி விளக்கும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன். தூக்கம் கெட்டுத் தவிப்பவர்களுக்கு மத்திய அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணைத் தருகிறேன். அதில் தமிழிலேயே பேசலாம்.