பிராண்டட் நியூ பேனா 200

ஒரு கல்லூரி அலுவலகத்தில் ஸ்டோர் பொறுப்பு சில வருடங்கள் என் கையில் இருந்தது. ஜூன் வந்தால் பேனா, ஏ4 பேப்பர், ஸ்டேப்ளர் பின், வருகைப் பதிவேடு என்று இண்டெண்ட், அதாவது தேவைப் பட்டியல் போட்டு, முதல்வரிடம் கையெழுத்து வாங்கிக் கடைக்கு அனுப்புவோம். முந்தைய வருடம் வந்தது பழைய சரக்கு, பாதிப் பேனாவில் மை உறைந்து எழுதவே இல்லை, அதனால் இந்த முறை எல்லாம் புத்தம் புதிதாக வர வேண்டும் என்று 'பிராண்டட் நியூ பென்ஸ் 200' என்று டைப் செய்தேன்.

வந்து இறங்கியது பெரிய கம்பெனி பேனா. வழக்கமான விலையைப் போல நாலு மடங்கு. அக்கவுண்ட்ஸில் பில்லைத் திருப்பிவிட்டார்கள். கடைக்காரரைக் கேட்டால், "சார், நீங்கதானே பிராண்டட்னு எழுதியிருக்கீங்க" என்று தாளை நீட்டினார். அவர் மேல் தப்பே இல்லை.

ஆங்கிலத் துறை மேடம் ஒருவரிடம் அந்தத் தாளைக் காட்டினேன். பென்சிலை எடுத்து 'branded'-இல் கடைசி 'ed'-ஐ மட்டும் அடித்தார். பிராண்ட் நியூ என்றால் புத்தம் புதிது, அவ்வளவுதான், கம்பெனிப் பெயருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பிராண்ட் என்ற சொல்லுக்குப் பழைய பொருள் நெருப்பு, எரிகிற கட்டை. உலையிலிருந்து அப்போதுதான் எடுத்தது போலப் புதியது என்பதுதான் அந்தத் தொடர். ஷேக்ஸ்பியர் இதே பொருளில் 'ஃபயர் நியூ' என்றே எழுதியிருக்கிறார். மாட்டுக்குச் சூடு போட்டு அடையாளம் வைப்பதற்கும் அதே சொல்தான், அந்தச் சூட்டுக்குறிதான் பின்னால் கம்பெனி முத்திரையாகி, இன்று நாம் பிராண்டட் சட்டை, பிராண்டட் ஷூ என்று சொல்கிற இடத்துக்கு வந்திருக்கிறது. நாள் முழுக்க வாயில் புழங்குகிற சொல் என்பதால் எழுதும்போதும் கை தானாக அதற்கே போய்விடுகிறது.

அப்புறம் இன்னொன்றும் சொன்னார். பிராண்ட் நியூவுக்கு முன்னால் 'வெரி' போடக் கூடாது. தமிழில் 'ரொம்பப் புத்தம்புது' என்று யாராவது சொல்வோமா? அதே கணக்குதான். தாளின் தலைப்பில் நான் 'ஸ்டேஷனரீஸ்' என்று போட்டிருந்ததையும் சுழித்தார், அந்தச் சொல்லுக்குப் பன்மை கிடையாது, 'ஸ்டேஷனரி ஐட்டம்ஸ்' என்று எழுதினால் போதும்.

பிரிக்காத பெட்டிகளைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டார், பிரித்த ஒரு பெட்டிக்கு நான் பணம் கட்டினேன். அதற்குப் பிறகு கடிதம் எழுதும்போது பிராண்ட் நியூ என்று சரியாகவே எழுதுகிறேன், ஆனால் இண்டெண்டில் அந்தச் சொல்லே வருவதில்லை: நீல மை, பால்பாயிண்ட், இந்த வருடச் சரக்கு, ஒரு பேனா அதிகபட்சம் இத்தனை ரூபாய்.